மில் நின்றால்தான் காசு பேசும்

"இன்னும் ரெண்டு எடத்துல கேட்டுட்டு வாங்கம்மா."

விற்க வந்தவளைப் பார்த்து இப்படிச் சொன்ன வியாபாரியை என் ஐம்பத்தெட்டு வயதில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். முப்பது வருடம் சங்கக்கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவள் நான். படியேறி வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். இந்த மனிதரோ வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதையே தொழிலாக வைத்திருந்தார்.

அவருக்கென்று கடை கிடையாது. நெளுக்குளத்தில் அவருடைய மச்சான் ஒரு மிளகாய் அரைக்கிற மில் வைத்திருந்தார். அதன் முன்மூலையில் ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. மேசைமேல் கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அதற்குள் பழைய காசுகள். வறுத்த மிளகாயோடும் மல்லியோடும் வருகிற பெண்கள் தங்கள் முறை வரும்வரை அந்த வாங்கில்தான் இருப்பார்கள். காசு விற்க வருகிறவரும் அவர்களோடு இடித்துக்கொண்டு இருக்கவேண்டும். எல்லாருக்கும் பொதுவாகத் தும்மல்.

"ஏன் அண்ணை இந்தத் தூளுக்குள்ள வந்து இருக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மொளகாத்தூள் பறக்கிற எடத்துக்குத் திருடன் வரமாட்டாங்கம்மா."

"வாங்கிறவனும் வரமாட்டான்."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அங்கே எல்லாரும் எந்நேரமும் கண்ணைத் துடைத்தபடிதான் இருப்பார்கள். தனியாக வந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தால் ஏன், என்ன என்று ஒருவரும் கேட்காத ஒரே இடம் வன்னியில் அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது எங்கள் வீட்டில் கிடந்த ஒரு பால்மா ரின்னால். அண்ணன் பள்ளிக்கூடக் காலத்தில் சேர்த்த காசுகள் அந்தத் தகர டப்பாவுக்குள் இருந்தன. சண்டைக்கு ஊரைவிட்டு ஓடும்போது கோழிக்கூட்டுக்கடியில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்த ரின். அண்ணன் கனடாவுக்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அம்மாவும் கண்ணை மூடியபிறகு கண்டாவளை வீட்டில் நான், ஒரு பூனை, அந்த ரின். ஒருநாள் போனில் அதைப்பற்றிச் சொன்னேன்.

"பிள்ளை, உதுகளை ஆருக்கெண்டாலும் குடுத்துத் துலை. எனக்கென்னத்துக்கு?" என்றார். உள்ளே என்ன இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பனி கொட்டுகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நம்பிக்கையான காசு வியாபாரி தேடுவது மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம். எனக்கு இரண்டிலும் அனுபவம் உண்டு, இரண்டிலும் அலைந்ததுதான் மிச்சம். கிளிநொச்சியில் ஒரு நகைக்கடைக்காரர் வெள்ளிக் காசுகளை மட்டும் பொறுக்கித் தராசில் போட்டு, உருக்கிற விலை சொன்னார். செப்புக் காசுகளை விரலால் ஒதுக்கிவிட்டார். பிறகு போனில் ஒருவர் வந்தார். படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். "அம்மா, உங்கட காசு லட்சக்கணக்கில போகும், முதல்ல பதிவுக்கு மட்டும் கொஞ்சம் போட்டுவிடுங்கோ" என்றார். லட்சம் தரப்போகிறவருக்கு என் பென்சன் எதற்கு என்று கேட்டேன். அன்றோடு அவருடைய போன் வேலை செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் அயல்வீட்டுப் பிள்ளையின் புருஷன், வவுனியா ஆள், "நெளுக்குளத்தில ஒருத்தர் இருக்கிறார் அன்ரி, ஆனா விசர் மனுசன்" என்று சொன்னான். என்ன மாதிரிப் பைத்தியம் என்று விசாரித்தேன். "வித்தால்தானே வியாபாரி? அவர் வாங்கவும் மாட்டார், விக்கவும் மாட்டார், விளக்கம் சொல்லுவார்."

முதல்நாள் ஒரேயொரு செப்புச் சதத்தைத்தான் கொண்டுபோனேன். ஆளைப் பார்க்காமல் ரின்னோடு போக நான் என்ன பேய்ச்சியோ? போவதற்கு முன் அந்தச் சதத்தைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். எங்கள் வீட்டில் குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் அப்படித்தான். வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்குகிறவளுக்கு, விற்கப்போகிற சாமானை அழுக்கோடு கொண்டுபோகவா மனம் வரும்? அரைமணி நேரத்தில் காசு புதுப்பெண்மாதிரி மின்னியது.

அவர் அதை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து எடுத்தார். முகம் சுருங்கிவிட்டது.

"குளிப்பாட்டிட்டீங்களாம்மா?"

"ஓம். அழுக்காக் கிடந்தது."

"அது அழுக்கில்லீங்க. அதோட தோலு. நூறு வருசமா அதுவே போட்டுக்கிட்ட தோலு. உரிச்சிட்டீங்களே."

வாங்கில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அன்று, புளி மணத்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். பிறகு அவர், தேய்க்காமல் இருந்திருந்தால் இதற்கு என்ன வரும், இப்போது என்ன வரும் என்று இரண்டு விலையையும் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் அந்தச் சொல்: "இன்னும் ரெண்டு எடத்துல கேட்டுட்டு வாங்கம்மா."

இது ஏதோ கள்ளம் என்றுதான் முதலில் நினைத்தேன். விற்க வந்தவளை விரட்டுகிறவன் என்ன வியாபாரி? வீம்புக்கென்றே வவுனியா ரவுணில் இரண்டு கடைகளுக்குப் போனேன். ஒருவர் பாதி விலை சொன்னார், மற்றவர் செப்பு எடுப்பதில்லை என்றார். பின்னேரம் திரும்பி வந்தபோது அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். காலையில் சொன்ன அதே விலையைத் தந்தார்.

"மற்ற ஆக்கள் கூடத் தந்திருந்தா?"

"அங்கயே குடுத்துட்டு, ஊருக்கு பஸ் ஏறியிருப்பீங்க."

அவர் மலையகத்தார். சின்ன வயதில் கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பம். நாற்பது வருடத்துக்கு மேல் வன்னியில் இருந்தும் 'ஓம்' என்ற சொல் அவர் வாயில் ஏறவில்லை, 'ஆமாங்க'தான். அவருடைய அம்மாவிடம் வெள்ளி ரூபாய்களைக் கோத்த மாலை ஒன்று இருந்ததாம். வவுனியாவில் வந்து இறங்கிய அன்று அவருடைய அப்பா அதை ஒரு மூட்டை அரிசிக்குக் கொடுத்துவிட்டார். "பசியில இருக்கிறவனுக்கு மொத ஆளு சொல்றதுதாங்க வெல. அப்பா ரெண்டாவது எடத்துல கேக்கல" என்றார். அதற்குமேல் அந்தக் கதையைச் சொல்லவில்லை. மனைவி, பிள்ளைகள் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அவருக்குக் கண்டாவளை அம்மா, அவர் எனக்கு அண்ணை.

இந்தக் குணத்தால் அவர் இழந்த வியாபாரம் கொஞ்சநஞ்சமல்ல. திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பாதிப்பேர் சந்தேகப்பட்டு வராமலே போய்விடுவார்கள். வீடு கட்டுகிற ஒரு கொந்தராத்துக்காரர் அத்திவாரம் வெட்டும்போது கிடைத்த ஒரு மண்முட்டி நிறையக் காசோடு வந்தார். காளைமாடு போட்ட பழைய அரசர் காலத்துக் காசுகள். இவர் ஆசையோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இத தொல்பொருள் ஆட்களுக்குத்தான் அறிவிக்கணுங்க, எனக்கு வேணாம்" என்று முட்டியை மூடிக் கொடுத்தார். கொந்தராத்துக்காரர் அவரை ஏசிக்கொண்டு போனார். இன்னொருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பெட்டிக்குள் இருந்த ஒரு காசைக் காட்டி, கேட்ட விலை தருகிறேன் என்றார். "ஆசைப்பட்டு எடுக்காதீங்க. இது விளிம்புல அடிபட்டிருக்கு, நீங்க பாக்கல" என்று இவரே காட்டிக்கொடுத்தார். அவர் எடுக்காமலே போனார்.

"உவர் தானும் வாழார், காசையும் வாழவிடார்" என்றாள் மிளகாயோடு இருந்த ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

வெள்ளிக் காசென்றால் அவர் சோதிக்கிற விதம் ஒன்று உண்டு. மேசையில் ஒரு கருங்கல் துண்டு கிடக்கும். அதில் காசை ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். நல்ல வெள்ளி நீட்டிப் பாடும், போலி 'டொக்' என்று விழும். ஆனால் மில் ஓடுகிற சத்தத்தில் என்ன கேட்கும்? ஆகவே காசை விரலிடுக்கில் பிடித்தபடி காத்திருப்பார். ஒருவரின் மிளகாய் முடிந்து அடுத்தவரின் மிளகாய் போடுவதற்கு மச்சான் மெசினை நிறுத்தவேண்டும். பத்து நிமிடமும் ஆகும், இருபது நிமிடமும் ஆகும். காசின் சொந்தக்காரர் பொறுமையிழந்து நெளிவார். இவர் அசையமாட்டார். "மில்லு நின்னாத்தாங்க காசு பேசும்" என்பார். மெசின் நிற்கும். அந்த ஒரு நிமிட அமைதியில் காசு கல்லில் விழும். வாங்கில் இருக்கிற பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். மில் ஓடும்போது அவர் காசு போட்டதை நான் கண்டதில்லை, ஒரேயொரு தடவையைத் தவிர.

ரின்னில் முப்பத்தொரு காசு இருந்தது. ஆளை நம்பியபிறகு முழுவதையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நான் மாதம் ஒன்றாகக் கொண்டுபோனேன். கண்டாவளையிலிருந்து பரந்தன் சந்தி, அங்கிருந்து வவுனியா பஸ், அங்கிருந்து நெளுக்குளம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பத்துச் சதக் குத்தி, வளைந்து வளைந்து விளிம்பு போட்ட நாணயம். முந்தினநாள் இரவே என்ன கதைப்பது என்று யோசித்து வைத்திருப்பேன். பூனை குட்டி போட்டதைச் சொல்லுவேன். குளத்துத் தண்ணீர் பற்றிச் சொல்லுவேன். அவர் மச்சானின் மெசின் பெல்ட் அறுந்த கதை சொல்லுவார். சில நாட்கள் இரண்டுபேரும் கதைக்காமல் தும்மிக்கொண்டிருப்போம். மாதத்தில் மற்ற நாட்களில் நான் வாய் திறப்பது பூனையோடும் மரக்கறிக்காரனோடும் மட்டும். அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை, அப்போது இருந்தது.

அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருநாள் காசைப் பார்த்தபடியே, "இது பஸ் காசுக்கே பத்தாதுங்களேம்மா" என்றார். "எனக்குச் சீசன் ரிக்கற்" என்று பொய் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதன்பிறகு பஸ் கதையை எடுக்கவில்லை.

முப்பத்தோராவது காசு ஒரு மாசி மாதத்தில் போனது. பார்த்து, விலை சொல்லி, வழக்கம்போல இரண்டு இடத்தில் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான், முதல் தடவைக்குப் பிறகு நான் எங்கேயும் கேட்டதில்லை.

"இதோட முடிஞ்சுது அண்ணை. ரின் வெறுமை."

அவர் கல்லில் படிந்த தூளைத் துடைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மெசின் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

"காசில்லாமலும் வரலாமுங்கம்மா."

வாங்கில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மூன்றுபேரும் கேட்டார்கள். ஒருத்தி, நல்ல மனுசிதான், "அதுதானே, வாங்கோவன் அக்கா. அவருக்கும் கதைக்க ஆளில்லை" என்றாள். மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நான் ஏன் சும்மா வரவேணும்? எனக்கு வேற வேலையில்லையோ?" என்றேன். சங்கக்கடைக் குரல் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பங்குனி போனது, சித்திரை போனது. வேறு வேலை எனக்கு இருக்கவில்லை. வெறும் ரின்னைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். போவதற்குக் காலுக்கு ஆசை, கையில் ஒன்றுமில்லாமல் எந்த முகத்தோடு போவது?

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனேன். அம்மாளைக் கும்பிட்டுவிட்டு வரும்போது, வழியில் ஒருவன் பாய் விரித்துப் பாசிமணி, காந்தக்கல், பழைய காசு எல்லாம் பரப்பி வைத்திருந்தான். ராசாவின் தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய் கண்ணில் பட்டது. பேரம் பேசாமல், அவன் சொன்ன முதல் விலைக்கே வாங்கினேன். இரண்டாவது இடத்தில் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? எனக்கு அது காசு அல்ல, நெளுக்குளத்துக்கு ஒரு பஸ் ரிக்கற்.

ஆனியில் போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அப்படி ஒருநாளும் எழுந்ததில்லை.

"ரின்னுக்கடியில ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கு அண்ணை" என்றேன்.

வாங்கி விளிம்பை விரலால் ஒருதரம் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் விரல் ஒருமுறை நின்றது. மில் ஓடிக்கொண்டிருந்தது, காது அடைக்கிற சத்தம். அவர் நிமிர்ந்து மெசினைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், காசைக் கல்லில் போட்டார். அது விழுந்ததைக் கண்டேன். சத்தம் கேட்கவில்லை.

"நல்ல காசுங்கம்மா" என்று உரத்துச் சொன்னார். "குடுத்துட்டுப் போங்க."

இரண்டு இடத்தில் கேட்கச் சொல்லவில்லை. நல்ல வெள்ளிக்கு என்ன விலையோ அதையே என் கையில் தந்தார். பிறகு தேத்தண்ணி வந்தது, பூனைக் கதை கதைத்தோம். எழும்பும்போது, "மழைக்கு முன்ன ஒரு தடவ வாங்க" என்றார். காசு என்ற சொல்லே அதில் இல்லை.

பஸ் ஓமந்தை தாண்டும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மில் நிற்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அந்தக் காசு பேசிவிடக்கூடாது என்றுதான் மெசின் ஓடும்போதே கல்லில் போட்டிருக்கிறார். பொய்க்காசு என்று அவருக்கு விளிம்பிலேயே தெரிந்துவிட்டது. ரின்னுக்கடியில் ஒட்டிக் கிடந்தது என்ற என் பொய்யும் தெரிந்திருக்கும். வாழ்க்கையில் ஒருவருக்கும் ஒரு சதத்துக்குப் பொய் சொல்லாத மனிதர், என் முகம் கறுக்கக்கூடாது என்று எனக்காக ஒரு பொய் சொன்னார். பஸ்ஸில் இருந்தபடியே அழுதேன். மிளகாய்த்தூள் இல்லாததால் பக்கத்துப் பெண் என்ன என்று கேட்டாள்.

உடனே திரும்பிப் போய் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கவேண்டும். கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அதைக் கொடுக்காமல் சும்மா போவதென்றால், காட்டுவதற்குக் கையில் ஒரு காசும் இல்லை. ஆவணியில் போவோம், புரட்டாதியில் போவோம் என்று தள்ளினேன். பிறகு மழை, பிறகு வெள்ளம். கண்டாவளை றோட்டெல்லாம் தண்ணீர். தையில்தான் போனேன்.

மேசையும் கல்லும் இருந்தன. பெட்டி இல்லை, அவரும் இல்லை. மச்சான் மெசினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மச்சான் போயிட்டாருங்கம்மா. கருமாதி முடிஞ்சு இருவது நாளாச்சு. நெஞ்சு வலின்னாரு, ரெண்டே நாளு."

நான் வாங்கில் இருந்தேன். மேசையில் அது இருந்த இடத்தைக் காட்டிக் கேட்டேன். "பெட்டி?"

"கொழும்புல இருந்து ஒருத்தரு வந்தாருங்க. மொத்தமா எடுத்துக்கிட்டாரு."

"வேற ரெண்டு இடத்தில கேட்டனியளோ?"

"யாரைங்க போயிக் கேக்கிறது?" என்றார் அவர். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு காசை எடுத்தார். "இது ஒண்ண மட்டும் அவரு வேணாம்னுட்டாரு. போலியாம். மச்சான் எப்பிடித்தான் ஏமாந்தாரோ, ஏமாற ஆளே இல்லீங்க. பெட்டியில போடாம லாச்சியில தனியா வச்சிருந்தாரு."

தெரியாமல்கூட அதை ஒருவருக்கும் விற்றுவிடக்கூடாது என்றுதான் தனியாக வைத்திருந்திருப்பார். அதை என்னிடம் தாருங்கள் என்றேன். மெசின் நின்றிருந்தது. கல்லில் போட்டுப் பார்த்தேன். 'டொக்' என்று விழுந்தது. சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்தவள்தான், அன்று என்னைக் கூப்பிட்ட அதே மனுசி, என் கையையும் காலடியையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, உங்கட மிளகாய் எங்க?"

"கொண்டு வரேல்லை."

"மிளகாய் இல்லாமல் மில்லுக்கு வந்தனியளோ?"

இப்போது மாதம் ஒருமுறை இரண்டு கிலோ செத்தல் மிளகாயை வறுத்துப் பையில் கட்டிக்கொண்டு நெளுக்குளம் போகிறேன். வழியில் எத்தனை மில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். தனி ஆளுக்கு அவ்வளவு தூள் என்னத்துக்கு? அயலெல்லாம் என்னுடைய தூளில்தான் கறி கொதிக்கிறது. மில்லில் அந்த மூலைப் பக்கமாக இருக்கிறேன். என் முறை வரும்வரை, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, நான் ஏன் அங்கே இருக்கிறேன் என்று எவரும் கேட்பதில்லை. மிளகாய்ப் பையோடு போனால் போதும் என்பது, அவர் அந்தக் கதிரையில் இருந்த காலத்தில் எனக்கு ஒருநாளாவது தோன்றியிருக்கக்கூடாதா?